160 வயதுக் கொடியும் உங்கள் காலணி மண்ணும்

மெல்போர்னிலிருந்து வந்த ஒரு தமிழ்க் குடும்பம் போன மாதம் ஒரு திராட்சைத் தோட்டத்து வாசலில் காரை நிறுத்தியது. வயதான கொடிகளுக்கு நடுவே நின்று படம் எடுக்க ஆசை. உள்ளே கால் வைக்கும் முன் தடுத்தேன். அப்பாவுக்குக் கோபம். "மண்ணு பட்டா என்ன தம்பி, தோட்டம்தானே?" என்றார். அவர் ஷூவைத் திருப்பிப் பார்த்தேன். பள்ளங்களில் காய்ந்த மண். முந்தின வாரம் விக்டோரியாவின் யாரா பள்ளத்தாக்கில் ஒரு திராட்சைத் தோட்டம் சுற்றியிருக்கிறார்கள்.

தெற்கு ஆஸ்திரேலியாவில் பயிர்ப் பாதுகாப்பு வேலை செய்கிறவன் நான். எனக்கு அந்த மண்தான் பயம். கொடியைக் கொல்லும் பூச்சி அதில் ஒட்டிவரலாம்.

இங்கே ஈடன் பள்ளத்தாக்கில் 'ஹில் ஆஃப் கிரேஸ்' என்றொரு திராட்சைத் தோட்டம். எதிரே க்னாடன்பெர்க் லுத்தரன் தேவாலயம். பெயரும் அதிலிருந்து வந்ததுதான்; ஜெர்மன் மொழியில் க்னாடன்பெர்க் என்றால் 'அருளின் குன்று'. அங்குள்ள மிகப் பழைய ஷிராஸ் (ஒயினுக்கான கருந்திராட்சை வகை) கொடிகள் 1860 வாக்கில் நட்டவை. 'தாத்தாக்கள்' என்றே அவற்றைச் சொல்வார்கள். அடிமரம் முறுக்கிக்கொண்டு, பட்டை நார் நாராக உரிந்து நிற்கும். ஒயின் தயாரிப்பாளர் சிரில் ஹென்ஷ்கி 1958 அறுவடையிலிருந்து இந்த ஒரே தோட்டத்துப் பழத்தில் தனி ஒயின் செய்தார். இன்றும் வேறு தோட்டத்துப் பழம் அதில் சேர்வதில்லை. ஆகவே இந்தக் கொடிகள் போனால் அந்த ஒயினும் போச்சு.

இவை ஒட்டுக்கட்டாமல் சொந்த வேரில் நிற்கின்றன, அதனால்தான் ஆபத்து. ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டில் ஃபில்லாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி தோட்டம் தோட்டமாக அழித்தது. அப்புறம் அந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டித்தான் பிழைத்தார்கள். ஒரு மில்லிமீட்டருக்கும் சிறிய மஞ்சள் பூச்சி. வேரைக் கடித்துச் சாறு உறிஞ்சும், கடித்த இடம் அழுகும், சில வருடங்களில் கொடி சாகும். குணமாக்க மருந்து கிடையாது. பக்கத்து மாநிலமான விக்டோரியாவில் 1877லேயே ஜீலாங் அருகே கண்டுபிடித்தார்கள். 2006இல் யாரா பள்ளத்தாக்கிலும் தென்பட்டது. தெற்கு ஆஸ்திரேலியா 1899இலேயே சட்டம் போட்டுக் காவல் காத்ததால் இங்கே இன்றுவரை வரவில்லை.

பூச்சி ஷூ, டயர், கத்தரிக்கோல், உடை எதிலும் ஒட்டிவரும். தோட்டத்துக்குள் போயே ஆகவேண்டுமென்றால் முதலில் மண்ணைச் சுத்தமாகத் தேய்த்து எடுங்கள். மண் இருந்தால் அடுத்து முக்கும் குளோரின் வேலை செய்யாது. அப்புறம் 2 சதவீதக் குளோரின் கரைசலில் 60 விநாடி காலணியை முக்குங்கள். அதன்பின் தண்ணீரில் அலசக் கூடாது.

படம்தான் வேண்டுமென்றால் சாலையோரமே போதும். வேலிக்கு வெளியிலிருந்தே கொடிகள் அழகாகத் தெரியும்.