ஆந்தைக் கூட்டில் ஓர் அந்துப்பூச்சி

அந்துருண்டை என்ற சொல்லுக்குள்ளேயே அந்து இருக்கிறது. கம்பளியையும் பட்டையும் அரிக்கும் அந்துப்பூச்சிக்குப் பயந்துதான் அதை அலமாரியில் போட்டு வைக்கிறோம். ஆனால் இந்தப் பூச்சிக் குடும்பத்துக்கு அலமாரி பிற்பாடு கிடைத்த வீடு. மனிதன் துணி நெய்வதற்கு வெகுகாலம் முன்பே பறவைக் கூடுகளிலும் விலங்குகளின் வளைகளிலும் இவை வாழ்ந்து வந்தன. அவற்றில் மிக வளமான இடம் ஆந்தையின் கூடு என்பேன்.

இங்கிலாந்தின் கூகையை எடுத்துக்கொள்வோம். பழைய தானியக் கொட்டகைகளிலும் தேவாலயக் கோபுரங்களிலும் அது முட்டையிடும். சுள்ளி பொறுக்கிக் கூடு கட்டும் வழக்கம் அதற்கு இல்லை. எலியைப் பெரும்பாலும் முழுசாகவே விழுங்கும். சதை செரித்துவிடும். முடியும் எலும்பும் உருண்டையாகத் திரண்டு வாய் வழியே திரும்பி வரும். கட்டைவிரல் பருமன், புதிதாக இருக்கையில் பளபளக்கும் கறுப்பு. நாளுக்கு ஒன்றோ இரண்டோ. இவை விழுந்து நொறுங்கிச் சேர்ந்ததுதான் குஞ்சுகளுக்கு மெத்தை.

அந்த மெத்தைக்குள் பட்டு நூலால் குழாய் பின்னி வாழ்கிறது டிரைக்கோஃபேகா டாப்பெட்ஸெல்லா என்ற பூச்சியின் புழு. பெயரின் முதல் பாதிக்கு ‘முடி தின்னி’ என்று பொருள். இரண்டாம் பாதி, சுவரில் தொங்கவிடும் சித்திரக் கம்பளத்தைக் குறிப்பது. அந்த இரண்டாம் பாதி, ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் 1758-ல் வைத்தது.

ஆந்தையின் வயிறே கைவிட்ட முடியை இத்தனை சிறிய புழு எப்படிச் செரிக்கிறது? எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான். முடி, கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அதன் நீண்ட சங்கிலிகளைக் கந்தக அணுக்கள் இரண்டிரண்டாகக் கைகோத்து இறுகக் கட்டியிருக்கின்றன. செரிமான நொதிகள் உள்ளே நுழைய இடமே இருக்காது. 1930-களில் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் லிண்டர்ஸ்ட்ரோம்-லாங்கும் டுஸ்பிவாவும் இதன் உறவான துணி அந்துவின் புழுவை ஆராய்ந்தார்கள். அதன் நடுக்குடல் நல்ல காரத்தன்மை கொண்டது. ஆக்சிஜன் அங்கே மிகக் குறைவு. அந்தச் சூழலில் கந்தகப் பிணைப்புகள் விட்டுப்போகின்றன. அப்புறம் நொதிகள் சங்கிலியைத் துண்டு போடுகின்றன. அழகுநிலையத்தில் முடியைச் சுருட்டையாக்க முதலில் தடவும் மருந்தும் இதே பிணைப்புகளைத்தான் அவிழ்க்கிறது.

புழு தின்று முடித்த உருண்டையில் மிஞ்சுவது எலும்புதான். வளர்ந்த பூச்சி எதுவும் உண்பதில்லை. முட்டையிடத் தேவையான புரதமெல்லாம் எலிமுடியில் இருந்து வந்ததே.

ஒரு காலத்தில் பிரிட்டன் வீடுகளின் கம்பளங்களையும் இது அரித்தது. இதன் புழுவுக்கு ஈரம் வேண்டும். குளிருக்கு இதமாக வீடு முழுவதையும் சூடாக்கும் வசதி வந்து அறைகள் உலர்ந்தபோது, வறட்சி தாங்கும் துணி அந்து உள்ளே தங்கியது, இது அரிதாகிவிட்டது. கூடு வைத்திருக்கும் கூகையைத் தொந்தரவு செய்வது அங்கே 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதனால் இந்தப் பூச்சியைத் தேடுபவர்கள் ஆந்தை வந்து அமரும் உத்தரங்களின் கீழே உதிர்ந்த உருண்டைகளைப் பொறுக்கி, மூடிய டப்பாவில் போட்டுவிட்டு, பூச்சி வெளிவரும் கோடை வரை காத்திருக்கிறார்கள்.