மின்னூலில் தமிழ் எழுத்துரு உடைவது எங்கே?

மின்னூல்களுக்கான ஈபப் கோப்பு என்பது வலைப்பக்கங்களை உள்ளே வைத்துக் கட்டிய ஒரு ஜிப் பொதிதான். எழுத்துரு சேர்க்க மூன்று இடங்களில் கைவைக்க வேண்டும்: எழுத்துருக் கோப்பைப் பொதிக்குள் போடுவது, பக்கத் தோற்றத்தைச் சொல்லும் சி.எஸ்.எஸ். கோப்பில் எழுத்துருவை அறிமுகப்படுத்தும் 'ஃபான்ட்-ஃபேஸ்' விதி எழுதுவது, நூலின் கோப்புகளையெல்லாம் வரிசைப்படுத்தும் ஓ.பி.எஃப். பட்டியலில் பதிவது. விதியில் தரும் எழுத்துருக் கோப்பின் பாதையை சி.எஸ்.எஸ். கோப்பு இருக்கும் இடத்திலிருந்து கணக்கிட வேண்டும். இதில் பிசகினால் ஈபப் கோப்பைச் சோதிக்கும் ஈபப்செக் கருவி காட்டிக்கொடுத்துவிடும்.

அதன் கண்ணில் படாதது, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய எழுத்துருவான பாமினி. பழைய தட்டச்சுக் கோப்போடு பாமினி எழுத்துருவையும் சேர்த்துவிட்டால் பக்கம் ஒழுங்காகவே தெரியும். ஆனால் உள்ளே 'அம்மா' என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் கிடக்கும். வாசகர் எழுத்துருவை மாற்றிய நொடியே அதெல்லாம் வெளியே வந்துவிடும். தேடல், அகராதி எதுவும் எடுபடாது. பார்வையற்ற வாசகருக்கு அந்த நூல் இல்லாததற்குச் சமம். ஒவ்வொரு எழுத்துக்கும் பொதுவான எண் தரும் யூனிகோடுக்கு மாற்றி, மெய்ப்புப் பார்த்த பிறகே வடிவமைப்பில் இறங்குங்கள்.

அடுத்தது, கோப்பின் அளவைக் குறைக்க, தேவையற்ற வடிவங்களை நீக்கி எழுத்துருவைக் கத்தரிப்பது. கு, கூ, டி, க்ஷ, ஸ்ரீ ஆகியவற்றுக்கு யூனிகோடில் தனி இடம் கிடையாது. 'க'வும் உகரக் குறியும் சேர்ந்தால் எந்த வடிவம் வர வேண்டும் என்பது எழுத்துருவுக்குள் இருக்கும் ஜிசப் அட்டவணையில் இருக்கிறது. கத்தரிக்கும் கருவி அதை வீசிவிட்டால் 'கு' இரண்டு துண்டாகிவிடும். கத்தரிக்க ஃபான்ட்டூல்ஸ் என்னும் கருவியைப் பயன்படுத்தினால், எழுத்துகள் சேரும் விதிகளான லேஅவுட் அம்சங்கள் அனைத்தையும் தக்கவைக்கும்படி அதற்குச் சொல்லுங்கள். வளைந்த மேற்கோள்குறிகள், எண்கள், ரூபாய்க் குறி ஆகியவையும் விடுபடக் கூடாது.

தடித்த எழுத்துக்குத் தனிக் கோப்பு வைக்காவிட்டால் படிக்கும் கருவியே செயற்கையாகத் தடிக்க வைக்கும். 'ண', 'ஸ' போன்றவற்றின் உள்வெளி அடைபட்டுப்போகும்.

பிறர் எடுத்துப் பயன்படுத்தாதபடி எழுத்துருவை மறைகுறியாக்கினால் இன்னொரு கண்ணி உண்டு. ஈபப் தரத்தை வகுத்த ஐ.டி.பி.எஃப். அமைப்பின் முறையில் எழுத்துருக் கோப்பின் முதல் 1040 பைட்டுகள், நூலின் தனி அடையாள எண்ணிலிருந்து பெறும் சாவியால் குலைக்கப்படுகின்றன. பிறகு அந்த அடையாள எண்ணுக்குப் பதில் ஐ.எஸ்.பி.என். எண்ணை வைத்தால் சாவி பொருந்தாது, எழுத்துரு திறக்காது. எண் உறுதியான பிறகே இதைச் செய்யுங்கள்.

விண்டோஸில் வரும் லதா, நிர்மலா எழுத்துருக்களை எடுத்து நூலில் வைத்து விநியோகிக்க உரிமை கிடையாது. நோட்டோ செரிஃப் தமிழ், முக்தா மலர், காட்டமரான் ஆகியவை ஓ.எஃப்.எல். என்னும் திறந்த எழுத்துரு உரிமத்தில் கிடைக்கின்றன.

எழுத்துருப் பெயரை, பக்கம் முழுவதற்கும் பொருந்தும் 'பாடி' விதியில் மட்டும் கொடுங்கள். பத்திதோறும் திணித்தால், பெரிதாகவோ வேறு வடிவிலோ படிக்க விரும்புபவர் மாற்ற வழியில்லாமல் போகும். வெளியிடுமுன் கிண்டிலிலும் ஆப்பிள் புக்ஸிலும் பதிப்பாளர் எழுத்துருவை அணைத்துவிட்டு ஓர் அத்தியாயத்தைப் புரட்டுங்கள். பிறகு தேடல் பெட்டியில் 'ஸ்ரீ' என்று தட்டி, நூலில் உள்ள சொல் கிடைக்கிறதா என்று பாருங்கள்.