கைத்தொலைபேசியை நம்பி எல்லைக்கல் நடாதீர்கள்

மலையகத் தோட்ட வீடமைப்பில் பல குடும்பங்களுக்குக் கிடைத்த காணி 7 பேர்ச். சதுரமாக வெட்டினால் ஒரு பக்கம் 13 மீற்றர் சொச்சம்தான். அந்தத் துண்டுக்குக் கைத்தொலைபேசியில் புள்ளி பார்த்து எல்லைக்கல் நடுகிறவர்களை ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் காண்கிறேன். நில அளவையாளன் என்ற முறையில் சொல்கிறேன்: தயவுசெய்து வேண்டாம்.

கைத்தொலைபேசி இடத்தைக் கணக்கிட உதவும் செய்மதிச் சமிக்ஞை, வளிமண்டலத்தின் மேலே மின்னேற்றமடைந்த துகள்கள் நிறைந்த அயனமண்டலத்தைக் கடந்தே வருகிறது. அங்குள்ள இலத்திரன்கள் அதைத் தாமதிக்கச் செய்கின்றன. ஒரு சதுர மீற்றர் அகலத் தூணில் நூறு கோடி கோடி இலத்திரன்கள் இருந்தால் தூரக் கணக்கில் 16 சென்ரிமீற்றர் கூடிவிடும். காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருக்கிறோம் நாம். சூரியன் கொந்தளிக்கும் ஆண்டுகளில், பிற்பகலில் அந்தத் தொகை 50 மடங்காவது இங்கே புதிதல்ல. பிழை 8 மீற்றர். அது செய்மதிக்குச் செய்மதி வேறுபடுவதால் புள்ளி நகர்ந்துவிடுகிறது.

இந்த இலத்திரன்களைத் தரையிலிருந்து எண்ணுவது எளிதல்ல. அயனமானி என்ற தரைக் கருவி மேல்நோக்கி வானொலி அலைகளை அனுப்பி எதிரொலியைப் பிடிக்கும். ஏறத்தாழ 300 கிலோமீற்றருக்கு மேலே உள்ள உச்ச அடர்த்தி வரைதான் அதற்குக் கண் தெரியும். அதைத் துளைத்த அலை திரும்புவதில்லை. ஆனால் மொத்த இலத்திரன்களில் பெரும்பங்கு அந்த உச்சத்துக்கு மேல்தான். 1962இல் கனடாவின் அலூவெற் 1 செய்மதி மேலிருந்து கீழ்நோக்கி அளந்தது. தரையில் இருப்பவர்களோ, உயரத்தோடு அடர்த்தி மாறுவதைக் காட்டும் வளைகோடு உச்சத்தருகே வளையும் விதத்தைப் பார்த்து, மேலே அடர்த்தி எவ்வளவு விரைவாகக் குறையும் என்று கணிக்கிறார்கள். ஜீ.பி.எஸ். தரும் மொத்தத்திலிருந்து கீழ்ப்பகுதியைக் கழித்து அந்தக் கணிப்பைச் சரிபார்க்கலாம்.

சாதாரணக் கைத்தொலைபேசி, செய்மதி அனுப்பும் எட்டு எண்களைக் கொண்ட சராசரிச் சூத்திரத்தால் இந்தத் தாமதத்தைத் திருத்துகிறது. அது பிழையில் ஏறத்தாழப் பாதியைத்தான் போக்கும். எங்கள் கருவி 1575.42, 1227.60 மெகாஹேர்ட்ஸ் ஆகிய இரு மீடிறன்களையும் வாங்குகிறது. குறைந்த மீடிறன் அலை கூடுதலாகத் தாமதமாகும். அந்த வித்தியாசமே அந்த நேரத்துத் தாமதத்தைக் காட்டிவிடும்.

அப்படியும் மார்ச், ஏப்ரல், செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில் பொழுது சாய்ந்தபின் நீண்ட பதிவு எடுக்க மாட்டேன். அயனமண்டலத்தில் இலத்திரன் குறைந்த குமிழிகள் மேலெழும் காலம் அது. திரையில் ஒரு செய்மதியின் வலு ஏறி இறங்கித் துடிக்கும், பிடி அறும், சென்ரிமீற்றரில் நின்ற துல்லியம் மீற்றருக்குப் போய்விடும். பள்ளத்தாக்கில் மலை ஏற்கெனவே பாதி வானத்தை மறைத்திருக்க, ஒரு செய்மதியை இழப்பதும் பெரிய இழப்பு.

கல் நடுமுன் பதிவுபெற்ற நில அளவையாளரிடம் வரைபடம் கேளுங்கள். எந்த நிலைப் புள்ளியிலிருந்து, எந்த நேரத்தில் அளந்தார் என்றும் கேளுங்கள். சொல்ல வேண்டியது அவர் கடமை.