மதிலுக்கு வெளியே கிடக்கும் கோட்டை

செஞ்சிக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் ராஜகிரி ஏறுவார்கள், கல்யாண மகால் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள், வெயில் உச்சிக்கு வருவதற்குள் கிளம்பிவிடுவார்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராத்தியர் காலத்து 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, மகாராஷ்டிரத்துக்கு வெளியே அதில் இடம்பெற்ற ஒரே கோட்டை செஞ்சிதான். எல்லோருக்கும் பெருமை. எனக்கும்தான். ஆனால் என் வேலை நடக்கிற இடத்தை அந்தப் படங்களில் பார்க்க முடியாது. அது பெரும்பாலும் மதிலுக்கு வெளியே, வேர்க்கடலை வயலிலும் ஏரிக்கரையிலும் இருக்கிறது.

நான் போர் நடந்த நிலங்களை ஆராய்கிற தொல்லியலாளர். கோட்டையை ஒரு கட்டடமாகப் பார்ப்பதில்லை. யார் எங்கே நின்றால் எது தெரியும், பீரங்கியை எந்த வழியாக இழுத்து வந்திருக்க முடியும், குதிரைக்கு எங்கே தண்ணீர் காட்டியிருப்பார்கள் என்பதுதான் என் கேள்விகள்.

செஞ்சியையே எடுத்துக்கொள்வோம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகள், அவற்றை இணைத்து ஓடும் மதில். இந்த அமைப்பு எதற்கு என்பது முற்றுகையிட வந்தவன் இடத்தில் நின்று பார்த்தால்தான் புரியும். 1690-ல் ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் இங்கே வந்தபோது உள்ளே சிவாஜியின் மகன் ராஜாராம் இருந்தார். கோட்டை விழுந்தது 1698-ல். அதற்குள் ராஜாராம் தப்பிப் போய்விட்டார். ஏன் இத்தனை வருடம்? இவ்வளவு அகலமான இடத்தைச் சுற்றி வளைக்க ஆளும் வேண்டும், ஆளுக்குச் சோறும் வேண்டும், மாட்டுக்கும் குதிரைக்கும் தீவனம் வேண்டும். இடையில் மராத்தியப் படைகள் வெளியிலிருந்து தாக்கி வழிகளை அறுத்தபோது, 1693 தொடக்கத்தில் முகலாயர்கள் வந்தவாசிக்கே பின்வாங்க நேர்ந்தது.

சரி, அந்த முற்றுகைப் படை எங்கே தங்கியிருந்தது? மதிலுக்கு வெளியேதானே இருந்திருக்க முடியும்! பீரங்கி மேடை, கூடாரம், கால்நடை, கடைவீதி, இறந்தவர்களைப் புதைத்த இடம் எல்லாமே வெளியே. 1714-ல் தேசிங்கு ராஜா ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையோடு மோதி உயிர்விட்டதும் வெளியேதான். கல்யாண மகாலுக்குத் தண்ணீர்கூட வெளியே இருந்த நீர்நிலையிலிருந்து சுடுமண் குழாயில் வந்திருக்கிறது. ஆக, கோட்டையின் கதையில் பாதி, டிக்கெட் வாங்காமல் நடக்கிற நிலத்தில் கிடக்கிறது. அந்தப் பாதிதான் இன்று வேகமாக அழிகிறது.

ஒரு ஈயக் குண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். பழைய துப்பாக்கிக் குண்டு, பெரிய கோலிக்குண்டு அளவுதான் இருக்கும். பல காலம் மண்ணில் கிடந்ததால் மேலே சாம்பல் கலந்த வெள்ளைப் பூச்சு படிந்திருக்கும். சுற்றிவர மெல்லிய வரம்பு ஒன்று ஓடினால் அது அச்சில் வார்த்த தடம். உருண்டை குலையாமல் அந்தத் தடமும் அப்படியே இருந்தால், பெரும்பாலும் அது சுடாத குண்டு. அவசரமாகத் துப்பாக்கியில் வெடிமருந்து கெட்டிக்கும்போது யாரோ ஒரு சிப்பாயின் விரலிலிருந்து நழுவியது. ஒரு பக்கம் சப்பையாகிப் போயிருந்தால் கல்லிலோ எலும்பிலோ மோதியது. உருண்டைக் குண்டுகள் கூட்டமாகக் கிடக்கும் இடத்தில் படை நின்றிருக்கும். சப்பைக் குண்டுகள் கிடக்கும் பக்கம் அது சுட்டிருக்கும். இரண்டையும் வரைபடத்தில் குறித்தால், எந்த ஆவணத்திலும் இல்லாத ஒரு பிற்பகல் கண்முன் வரும். ஆனால் அதே குண்டு யாரோ ஒருவருடைய மேசை டிராயரில் இருந்தால்? வெறும் ஈயம்.

இது ஏற்கெனவே செய்து காட்டிய விஷயம். அமெரிக்காவின் மொன்டானாவில், 1876-ல் அமெரிக்க ராணுவ அதிகாரி கஸ்டரின் படை அழிந்த லிட்டில் பிக்ஹார்ன் களத்தில் 1983-ல் புல்வெளித் தீ பரவியது. புல் எரிந்து தரை வெளியே தெரிய, அடுத்த ஆண்டு தொல்லியலாளர்கள் மெட்டல் டிடெக்டரோடு வரிசையாக நடந்தார்கள். கிடைத்த ஒவ்வொன்றின் பக்கத்திலும் கொடி நட்டு, இடத்தை அளந்த பிறகே எடுத்தார்கள். தோட்டா உறைகளில் துப்பாக்கியின் ஊசி பதித்த அடையாளத்தை ஒப்பிட்டு, ஒரே துப்பாக்கி களத்தில் எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்றுகூடச் சொன்னார்கள். அந்தக் கருவியேதான் நம் ஊரில் ராத்திரி நேரத்தில் புதையல் தேடுகிறவர்கள் கையிலும் இருக்கிறது.

புதையல் என்ற நம்பிக்கை செய்கிற சேதம் கொஞ்சமல்ல. கோட்டை இருக்கிற ஊர்ப்பக்கம் புதர் மறைவில் ஆளுயரக் குழிகளைப் பார்த்திருக்கிறேன். ராஜா தப்பி ஓடும்போது பொன்னைப் புதைத்துவிட்டுப் போனார் என்பது கதை. ஓடுகிறவர் பொன்னை எடுத்துக்கொண்டுதான் ஓடுவார்! குழியில் கிடைப்பது உடைந்த பானையும் சாம்பல் அடுக்கும். தோண்டியவர் அவற்றை வெளியே வீசியிருப்பார். எனக்கு அந்தச் சாம்பல்தான் வேண்டியிருந்தது.

ஊர்க்காரர்களோடு பேசாமல் இந்த வேலை நடக்காது. ஒருமுறை வரப்பில் அளந்துகொண்டிருந்தபோது ஆடு மேய்த்த ஒரு பெரியவர் வந்து நின்றார்.

“ஏம்மா, பொதையலா தேடுறீங்க?”

“இல்லைங்க ஐயா. பழைய காலத்துல சண்டை எங்க நடந்துச்சுன்னு பாக்கறோம்.”

“எங்க ஏரியில வண்டல் எடுக்கையில ஒரு இரும்புக் குண்டு வந்துச்சு. பயலுவ காயலான் கடையில போட்டுட்டானுவ.”

“ஏரியில எந்தப் பக்கம்ங்க?”

“மதகுக்குத் தெக்கால.”

குண்டு இருந்திருந்தால் விட்டத்தை அளந்து எந்த அளவுப் பீரங்கி என்று கணக்குப் போட்டிருக்கலாம். ஒரே ஒரு குண்டை வைத்து எதையும் நிரூபித்துவிட முடியாது என்பதும் உண்மை. ஆனாலும் மதகுக்குத் தெற்கே என்ற அந்த ஒரு வார்த்தை என் வரைபடத்தில் ஏறிவிட்டது.

இப்படிப்பட்ட பொருள் எவ்வளவு முக்கியமாக இருக்கக்கூடும் என்பதற்குக் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்து நகரா என்ற ஊர் சாட்சி. 2002-ல் அங்கே ஒரு பாழுங்கிணற்றில் துருப்பிடித்த இரும்பு உருளைகள் கிடைத்தன. என்னவென்று சரியாகத் தெரியாமலே பல வருடம் இருந்து, பிறகுதான் திப்பு சுல்தான் காலத்துப் போர்க்கருவியான மைசூர் ராக்கெட்டுகள் என்று அடையாளம் கண்டார்கள். 2018-ல் அங்கே கிணற்றை முறைப்படி அகழ்ந்தபோது ஆயிரத்துக்கும் மேல் கிடைத்தன. கிணற்றுச் சேற்றில் வெடிமருந்து வாடை அடித்ததாம்.

சட்டம் எதுவரை வரும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மத்திய அரசு பாதுகாக்கும் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குப் புதிய கட்டுமானம் கூடாது. அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மதிலில் காதலியின் பெயரைக் கீறுகிற தம்பிக்கும் இது பொருந்தும். ஆனால் முற்றுகைப் படை 300 மீட்டருக்குள் தங்கியிருக்க வேண்டிய கட்டாயம் ஒன்றுமில்லையே. அந்த எல்லைக்கு வெளியே மனை பிரிக்க மேட்டைச் சமன் செய்யும் ஜே.சி.பி.க்கு அது வெறும் மண்மேடு.

இந்தத் துறைக்கு வர ஆசைப்படும் மாணவர்கள் அடிக்கடி எழுதிக் கேட்கிறார்கள். போர்க்களத் தொல்லியலாளர் என்ற பெயரில் இங்கே தனிப் பதவி எதுவும் கிடையாது என்று நினைத்துக்கொண்டு வாருங்கள். தொல்லியலோ வரலாறோ முதுகலை படித்துவிட்டு, சென்னையில் மாநிலத் தொல்லியல் துறை நடத்தும் பட்டயப் படிப்போ, கிரேட்டர் நொய்டாவில் இந்தியத் தொல்லியல் துறை நடத்துவதோ, புனே டெக்கான் கல்லூரியோ, ஏதாவது ஒரு வாசல் வழியாக நுழையலாம். அப்புறம் நில அளவை, ட்ரோன் படங்கள், கணினி வரைபடம். இவற்றைவிடக் கடினமானது மொழி. செஞ்சி பற்றிய சான்றுகள் தமிழ், மராத்தி, பாரசீகம், பிரெஞ்சு, ஆங்கிலம் என்று சிதறிக் கிடக்கின்றன. ஒன்றையாவது தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் அப்பால் கற்றுக்கொள்ளுங்கள். பிரெஞ்சுக்காரர்கள் 1750-லிருந்து 1761 வரை இங்கே இருந்தார்கள். பிரெஞ்சு படித்தால் அந்தக் காலத்துக்குள் நேராக இறங்கலாம். மற்றபடி வெயிலில் நடக்கத் தெரிய வேண்டும், ஊர்ப் பெரியவர்கள் பேசும்போது குறுக்கிடாமல் கேட்கத் தெரிய வேண்டும்.

உங்கள் நிலத்தில் ஏதாவது தட்டுப்பட்டால் கழுவாதீர்கள், தேய்க்காதீர்கள், பக்கத்தில் மேலும் தோண்டாதீர்கள். கிடக்கிற நிலையிலேயே போனில் படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேலோ பேனாவோ வைத்து ஒன்று, தூரத்திலிருந்து மரமோ கிணறோ தெரிகிற மாதிரி இன்னொன்று. இருப்பிடத்தைப் போனிலேயே பதிந்துகொள்ளுங்கள். உள்ளே வெடிமருந்து இருக்கலாம் என்று தோன்றுகிற எதையும் தொடவே வேண்டாம், காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். மற்றவற்றை கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ தெரிவித்தால் தொல்லியல் துறைக்குப் போய்ச்சேரும். காயலான் கடைக்கு ஏற்கெனவே போய்விட்டது என்றாலும் பரவாயில்லை, எந்த வயலில் எந்தப் பக்கம் கிடந்தது என்பதையாவது எழுதிக் கொடுங்கள்.