அழற்சி: வீக்கம் வேறு, புண் வேறு

கடலூர், விழுப்புரம் பக்கத்திலிருந்து வயிற்றுக் கோளாறோடு புதுச்சேரி ஜிப்மருக்கு வருகிற சிலரின் மருத்துவ அறிக்கையில் 'கொலைட்டிஸ்' என்று இருக்கும். வீட்டில் கேட்டால் 'குடல்ல புண்ணு' என்பார்கள், அல்லது 'குடல் வீங்கியிருக்கு' என்பார்கள். இரண்டுமே முழுச் சரியில்லை. பெருங்குடல் அழற்சி என்பதே அதற்கு நேரான பெயர். 'இன்ஃப்ளமேஷன்' என்பதற்குத் தமிழில் அழற்சி.

சுழல் என்ற வினையிலிருந்து சுழற்சி, முயல் என்பதிலிருந்து முயற்சி. அதே வழியில் அழல், அழற்சி. அழலுதல் என்றால் எரிதல், காந்துதல். பெயர்ச்சொல்லாக அழல் என்றால் நெருப்பு. பிரிவில் வாடும் குறளின் தலைவி மாலைப்பொழுதை 'அழல்போலும் மாலை' என்கிறாள். சித்த மருத்துவத்தில் வளி, அழல், ஐயம் என்று சொல்லும்போது அழல் என்பது பித்தம். இன்ஃப்ளமேஷனுக்கு வேரான இலத்தீன் 'ஃபிளம்மா'வும் தீச்சுடர்தான். உரோமானியரான செல்சஸ் 1ஆம் நூற்றாண்டிலேயே இதற்கு நான்கு அடையாளங்கள் எழுதினார்: சிவப்பு, வீக்கம், சூடு, வலி. ஆக வீக்கம் என்பது நான்கில் ஒன்று. புண், அழற்சி முற்றினால் வரக்கூடிய விளைவு.

தொற்றையும் அழற்சியையும் ஒன்றாக நினைப்பதுதான் எனக்குக் கவலை தருகிறது. தொற்று வெளியிலிருந்து வரும் கிருமியின் வேலை. அழற்சி நம் உடல் காட்டும் எதிர்வினை. கிருமி இருந்தாலும் அழற்சி வரலாம், கிருமியே இல்லாமலும் வரலாம்.

'எண்டமீபா ஹிஸ்டோலிடிகா' என்ற ஒட்டுண்ணியைப் பாருங்கள். அசுத்தத் தண்ணீர் வழியாகக் குடலுக்குள் வரும் அமீபா இது. தொற்று ஏற்பட்டவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேருக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது. மற்றவர்களுக்கு அது குடல் சுவரைத் துளைத்துச் சீதபேதி வரவைக்கும். இந்த வேறுபாட்டுக்கான காரணங்களில் ஒன்றாக ஆய்வாளர்கள் பார்ப்பது மரபணு ஒழுங்குபாட்டை, அதாவது எந்த மரபணு எப்போது வேலை செய்ய வேண்டும், எப்போது அடங்கியிருக்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டை. குடல் சுவரில் ஒட்டிக்கொள்ள இந்த அமீபாவுக்கு ஒரு லெக்டின் புரதம் வேண்டும். சளிப்படலத்தைக் கரைக்கப் புரதம் சிதைக்கும் நொதிகள் வேண்டும். கால்சியம் அளவுக்கு ஏற்ப டிஎன்ஏவைப் பிடித்தும் விட்டும் இயங்கும் ஒரு புரதம் லெக்டின் மரபணுவைக் கட்டுப்படுத்துவதில் பங்கெடுக்கிறது. சிறு ஆர்என்ஏக்கள் வேறு சில மரபணுக்களை ஊமையாக்குகின்றன.

இதெல்லாம் ஆய்வகத்தோடு முடிகிற விஷயம் இல்லை. அமீபாவால் வரும் குடல் அழற்சியும், நோயெதிர்ப்பு மண்டலம் தடம் மாறுவதால் வரும் 'அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்' என்ற புண்படு பெருங்குடல் அழற்சியும் பார்க்க ஒன்றுபோல இருக்கலாம். இரண்டாவதற்கு அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு மருந்து கொடுப்பார்கள். அமீபா இருக்கிறவருக்கு அதே ஸ்டீராய்டு போனால் குடலே ஓட்டையாகிவிடும் ஆபத்து உண்டு. அதனால்தான் முதலில் மலப் பரிசோதனை, தேவைப்பட்டால் திசுப் பரிசோதனை. நம் நாட்டில் குடல் காசநோயும், குடலில் நாட்பட்ட அழற்சி உண்டாக்கும் 'குரோன்' நோய் மாதிரியே தெரியும் என்பதால் அதையும் விலக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

புதுச்சேரிக்காரர்களுக்கு இதில் பழகிய உதாரணம் யானைக்கால். அந்த நோயைப் பரப்பும் கொசுக்களை ஆராயும் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் 1975 முதல் இந்த ஊரில்தான் இருக்கிறது. கொசுக்கடி வழியாக உடலுக்குள் வரும் புழு நிணநீர்க் குழாயில் தங்கி, அங்கே திரும்பத் திரும்ப வரும் அழற்சியால் குழாய் கெட்டு, கால் வீங்குகிறது. அழற்சி முதலில், வீக்கம் பின்னால்.

அப்புறம், எழுதும்போது கவனிக்க வேண்டியவை. மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ நீடித்தால் நாட்பட்ட அழற்சி. குரோன் நோய், புண்படு பெருங்குடல் அழற்சி இரண்டுக்கும் பொதுப்பெயர் குடல் அழற்சி நோய், ஆங்கிலச் சுருக்கமாக ஐபிடி. ஐபிஎஸ், அதாவது 'இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம்', வேறு. அதில் குடல் பார்வைக்குச் சரியாகவே இருக்கும், அதனால் அழற்சி என்று போடாமல் எரிச்சல் குடல் நோய் என்று எழுதுங்கள். ஓசை ஒத்துப்போகிறதே என்று 'அலர்ஜி'க்கு அழற்சி என்று போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அலர்ஜிக்குத் தமிழ் ஒவ்வாமை.