தீர்மானிப்பானா, காரணியா?

அண்மையில் ஒரு பயிற்சிக் கூட்டத்தில், வறுமை, கல்வி, குடியிருப்பு என உடல்நலத்தில் தாக்கம் செலுத்தும் சமூகச் சூழல்களைக் குறிக்கும் 'சுகாதாரத்தின் சமூகத் தீர்மானிப்பான்கள்' என்னும் தொடர் திரையில் தோன்றியதும், முன்வரிசையில் இருந்த செவிலியர் ஒருவர், "தீர்மானிப்பது யார்?" என்று கேட்டார். உரையாற்றியவரிடம் பதில் இல்லை. பலமுறை கேட்டுச் சலித்த இத்தொடரின் பிழை எனக்கு அந்தக் கேள்வியில்தான் முழுதாகத் தெரிந்தது.

தீர்மானிப்பானின் ஆங்கில மூலச்சொல்லான 'டிடர்மினன்ட்', எல்லையைக் குறிக்கும் 'டெர்மினஸ்' என்ற இலத்தீன் சொல்வழி வந்தது. கணிதத்தில் இதற்கு அணிக்கோவை என்று தனிப்பெயர் கண்ட நாம், நலவியலில் மட்டும் அகராதியின் முதற்பொருளோடு நின்றுவிட்டோம்.

'-ப்பான்' ஈறு அழிப்பான், துடைப்பான் போன்ற கருவிப் பெயர்களில் பழகியது. வறுமையையும் கல்வியையும் குடியிருப்பையும் அவ்வாறு அழைத்தால், ஏதோ ஒரு பொறி மனிதரின் விதியை எழுதி முடித்துவிட்டது என்றே தொனிக்கிறது. அதே சொல்லுக்குச் சிலர் எழுதும் 'நிர்ணயிகள்' இன்னும் மோசம். நிர்ணயி என்பது ஏவல் வினை, அதனோடு 'கள்' சேர்த்துவிட்டால் பெயராகிவிடாது. 1967இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வில், இலண்டன் அரசு ஊழியர்களுள் கீழ்நிலைப் பணியாளர்கள் இதயநோயால் இறக்கும் வாய்ப்பு மேல்நிலை அலுவலர்களைவிட மிகுதி என்றும், புகைப்பழக்கம் முதலியவற்றைக் கணக்கில் கொண்ட பின்னும் அவ்வேறுபாட்டின் பெரும்பகுதி எஞ்சியது என்றும் தெரியவந்தது. ஆனால் கீழ்நிலையில் இருந்த எல்லோரும் நோயுறவில்லை. கூடியது வாய்ப்பு மட்டுமே. இரவுப் பணி செய்யும் நீரிழிவு நோயாளி ஒருவரை எண்ணிப் பாருங்கள்: மருந்தை மறப்பது அவர் பழக்கம், உறக்கத்தைக் குலைப்பது அவர் வேலை, நோயை வெளியில் சொல்லக் கூசுவது அவர் வளர்ந்த பண்பாடு. இவை ஒன்றையொன்று இறுக்குகின்றன. எதுவும் தனித்து நின்று தீர்மானிப்பதில்லை.

ஆகவே 'காரணி' போதும். இச்சொல் மிகப் பொதுவானது என்பார்கள். 'ஆபத்துக் காரணி' என்பதைத் தயக்கமின்றிப் புரிந்துகொள்ளும் வாசகருக்கு இதில் என்ன குழப்பம் வரும்? நோயின் மூலகாரணம் என்னும் பொருளில் குறள் ஆண்ட 'நோய்முதல்' அழகிய சொல்தான். எனினும் நலம் காப்பவற்றையும் சேர்த்துச் சொல்ல அது இடந்தராது. 'சுகாதாரம்' இன்று தூய்மையையே முதலில் நினைவூட்டுகிறது. 1946இல் வகுக்கப்பட்ட உலக சுகாதார நிறுவனத்தின் சாசனத்தில் 'ஹெல்த்' என்ற சொல்லோ, நோயின்மை மட்டுமன்றி உடல், மன, சமூக நிலைகளில் நிறைவான நலத்தையும் குறிக்கிறது. அதற்கு 'நல்வாழ்வு' பொருந்தும்.

எனவே 'நல்வாழ்வின் சமூகக் காரணிகள்' என்றே எழுதுகிறேன். இதைச் சுருக்கிச் 'சமூக நல்வாழ்வுக் காரணிகள்' என்றால் சமூகத்தின் நல்வாழ்வு என்று பொருள் திரிந்துவிடும். 'இன்' விடுபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.