திரிபோஷா: தோட்டத்துப் பிள்ளைக்கு எப்படிக் கிடைக்கும்?

திரிபோஷா பாக்கெட்டைப் பார்க்காத லயம் (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை) இலங்கை மலையகத்தில் இருக்காது. அது யாருக்கு உரியது என்பதில்தான் குழப்பம். சோளம், சோயாவோடு விட்டமின்களும் இரும்பு போன்ற தாதுக்களும் சேர்த்த சத்துமா இது. 1973இல் தொடங்கிய திட்டம். காசு கொடுக்க வேண்டியதில்லை.

கர்ப்பிணிகளுக்கும், பிள்ளை பிறந்து ஆறு மாதம் வரை பாலூட்டும் தாய்மாருக்கும் இது உண்டு. 6 மாதத்திலிருந்து 5 வயது வரையான பிள்ளைகளில், வயதுக்கேற்ற எடை இல்லாதவர்களுக்கும் உண்டு. அதனால்தான் எடை பார்ப்பதைத் தவறவிடக் கூடாது. கிளினிக்கில் நிறுத்துப் பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தில் புள்ளி வைப்பார்கள். புள்ளி பச்சையை விட்டு இறங்கி செம்மஞ்சளிலோ சிவப்பிலோ விழுந்தால் குடும்பநல உத்தியோகத்தரிடம் (மருத்துவிச்சியிடம்) திரிபோஷா பற்றிக் கட்டாயம் கேளுங்கள். பிள்ளை ஒரேயடியாக மெலிந்து போயிருந்தால் மா மட்டும் போதாது, வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

கிளினிக் நாள் பெரும்பாலும் வேலை நாள். போனால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான், சில வேளை அதுவும் இல்லை. தோட்டத்தில் இந்தத் திட்டம் ஓட்டையாவது இந்த இடத்தில்தான் என்பது என் எண்ணம். 2016ஆம் ஆண்டின் தேசிய ஆய்வில், வயதுக்கேற்ற உயரம் இல்லாத சிறு பிள்ளைகள் நாடு முழுவதும் 17 சதவீதம், தோட்டப்புறத்தில் 32 சதவீதம் அளவில் இருந்தார்கள். தாய் கொழுந்து பறிக்க மலைக்குப் போயிருந்தால் பாட்டியோ தகப்பனோ புத்தகத்தோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகலாம். தாய் கொழும்பிலோ வெளிநாட்டிலோ வேலை செய்கிற வீடுகளிலும் இப்படித்தான் செய்ய வேண்டும்.

ஒருவருக்கு மாதம் 750 கிராம் பாக்கெட் இரண்டு. கணக்குப் போட்டால் நாளுக்கு 50 கிராம், முப்பது நாளுக்குச் சரி. அக்கா, அண்ணன், தாத்தா என்று வீடே கையை விட்டால் ஒரு வாரத்தில் காலி. எடை குறைந்த பிள்ளைக்கு இரண்டு உருண்டைதான் மிஞ்சும். பசியுள்ள வீட்டில் பங்கிடாதே என்று சொல்வது லேசான காரியமில்லை, தெரியும். ஆனாலும் அந்த 50 கிராமை முதலில் தனியாக எடுத்து வையுங்கள்.

தேங்காய்ப்பூவும் கொஞ்சம் சீனியும் போட்டுப் பிசைந்து உருட்டினால் பெரிய பிள்ளைகள் விரும்பிச் சாப்பிடும். கைக்குழந்தைக்குக் கூழாகக் காய்ச்சிக் கொடுக்கலாம். இது சோற்றுக்குப் பதிலல்ல. சோறு, பருப்பு, கீரை, முட்டையோடு சேர்ந்த மேலதிக உணவு. சாப்பிட்ட கையோடு சாயத்தண்ணி (தேநீர்) மட்டும் வேண்டாம், இரும்புச்சத்து உடம்பில் சேர்வதை அது குறைத்துவிடும்.

நம் பக்கத்து ஈரத்தில் மா சீக்கிரம் பூஞ்சணம் பிடிக்கும். பிரித்த பாக்கெட்டை இறுக மூடும் டின்னில் போட்டு, அடுப்படி ஈரம் படாத இடத்தில் வையுங்கள். வாங்கும்போதே காலாவதித் திகதியைப் பாருங்கள். வாசம் மாறியிருந்தால் கொடுக்க வேண்டாம்.

2022 பொருளாதார நெருக்கடியில் சோளம் கிடைக்காமல் உற்பத்தியே தடைப்பட்டது. கையிருப்பு இல்லை என்றால் அடுத்தது எப்போது வரும் என்று கேட்டு வையுங்கள். உங்கள் குடும்பநல உத்தியோகத்தரிடம் பதில் கிடைக்காவிட்டால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் விசாரிக்கலாம். மா வராத மாதத்திலும் பிள்ளையை நிறுக்கக் கொண்டுபோங்கள்.